பாரமும் நித்திரையும்



கனடாவில் இருந்து வந்த ஒரு போர்வையைப் பற்றி இந்த மாதம் எழுத வேண்டியதாகிவிட்டது. வாசகி ஒருவரின் மச்சாள் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது அதைக் கொண்டு வந்து கொடுத்திருக்கின்றார். பார்த்தால் சாதாரண போர்வைதான். ஆனால் தூக்கினால் ஏழு கிலோ. உள்ளே சின்னச் சின்னக் கட்டங்களாகத் தைத்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கண்ணாடி மணிகளை நிரப்பியிருக்கின்றார்கள். "ஏழு கிலோவுக்குப் பிள்ளையளுக்கு எத்தனை சாமான் கொண்டு வந்திருக்கலாம்" என்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்களாம். மச்சாளோ, "நீ இரவிரவாக முழிச்சிருக்கிறாய் என்டுதான் கொண்டு வந்தனான்" என்று சொல்லியிருக்கின்றார். அந்தச் சகோதரி என்னிடம் கேட்பது இதுதான்: இதைப் போர்த்தால் உண்மையாகவே நித்திரை வருமா, நெஞ்சுப் படபடப்புக் குறையுமா, அல்லது இது வெளிநாட்டுக்காரரின் புதுமோகமா?

நான் வைத்தியர் அல்ல. உளவளத்துணை வேலையில் பெண்களோடு இருந்து அவர்கள் சொல்வதைக் கேட்பவள். ஆனால் நித்திரை பற்றிய கேள்வி எனக்குச் சின்னக் கேள்வியாகத் தெரிவதில்லை. எங்களிடம் வருகின்ற பெண்களில் பலர் முதல்நாளே "எனக்கு மனதில் துன்பம்" என்று சொல்ல மாட்டார்கள். "தலையிடி", "கை கால் உளைவு", "நெஞ்சு படபடக்குது", "நித்திரை இல்லை" என்றுதான் தொடங்குவார்கள். மனதில் இருப்பதை உடம்பு முதலில் சொல்லிவிடுகின்றது.

2009ஆம் ஆண்டு ஜூலை முதல் செப்டெம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தில் ஓர் ஆய்வு நடந்தது. முகாம்களில் இருந்தவர்களையும் சேர்த்து ஏறக்குறைய 1,400 பேரிடம் கேட்டார்கள். அதன் முடிவுகள் 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தன. பதகளிப்பின் அறிகுறிகள் 32.6 சதவீதமானோருக்கும், மனச்சோர்வின் அறிகுறிகள் 22.2 சதவீதமானோருக்கும், மனவடுவுக்குப் பிற்பட்ட நெருக்கீட்டின் அறிகுறிகள் 7 சதவீதமானோருக்கும் இருந்தன. அந்த நேரத்தில் இடம்பெயர்ந்திருந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பதகளிப்பு இருந்தது. இந்த மூன்றிலும் நித்திரை குழம்பும். ஆகவே ஒரு தெருவில் பத்து வீடு இருந்தால் எத்தனை வீட்டில் விளக்கு அணைந்த பிறகும் கண் மூடாமல் ஒருத்தி கிடந்திருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். ஆண்டுகள் பல கழிந்து விட்டன. ஆனாலும் நாய் குரைத்தால் எழும்பி இருக்கின்ற பெண்களை இன்றைக்கும் நான் சந்திக்கின்றேன்.

சரி, போர்வைக்கு வருவோம்.

இதன் கதையைச் சொல்ல மாட்டுத் தொழுவத்தில் இருந்து தொடங்க வேண்டும். அமெரிக்காவில் ரெம்பிள் கிராண்டின் என்ற பெண் இருக்கின்றார். ஓட்டிசம் உள்ளவர். பின்னாளில் விலங்கு விஞ்ஞானப் பேராசிரியரானார். இளம் வயதில் அவருக்குப் பதகளிப்பு மிகக் கடுமையாக இருந்தது. ஒருவர் கட்டியணைத்தால் தாங்க மாட்டார். ஆனால் அணைப்பு வேண்டும் என்ற ஏக்கமும் இருந்தது. தன் உறவினர் ஒருவரின் பண்ணைக்குப் போயிருந்தபோது, மாடுகளுக்கு ஊசி போடுவதற்காக அவற்றை இரண்டு பக்கமும் பலகையால் அணைத்துப் பிடிக்கின்ற கூட்டைப் பார்த்தார். துள்ளிக்கொண்டு வந்த மாடுகளிற் சில அந்த அணைப்புக்குள் வந்ததும் அமைதியாகி நின்றன. அவர் தனக்கும் அப்படி ஒரு பெட்டியைச் செய்து கொண்டார். உள்ளே போய்ப் படுத்து, பிடியைத் தானே இழுத்தால் இரண்டு பக்கமும் மெத்தைப் பலகைகள் வந்து அணைக்கும். விட்டால் விலகும். 1992இல் இதைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். உடம்பில் பரவலாக விழுகின்ற ஆழமான அழுத்தம் மனதை அமைதிப்படுத்தும் என்ற எண்ணம் தொழில்வழிச் சிகிச்சையாளர் மத்தியில் பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பாரப் போர்வையும் அந்த எண்ணத்தில் இருந்து வந்ததுதான்.

அந்தக் கதையில் ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிடி அவர் கையில் இருந்தது. பிறகு இதற்கு வருகின்றேன்.

அழுத்தம் அமைதி தரும் என்பது எங்களுக்கும் புதுச் சங்கதி அல்ல. பச்சைப்பிள்ளை வீரிட்டு அழுதால் பழஞ்சேலைத் துண்டால் கையையும் காலையும் சேர்த்துச் சுற்றி வைப்பார்கள். ஏணைக்குள் கிடக்கின்ற பிள்ளையைச் சீலை இரண்டு பக்கமும் அணைத்துக்கொள்ளும். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு தாயின் வயிற்றை இறுக்கிக் கட்டுவார்கள். தலையிடித்தால் நெற்றியைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு படுப்பதும், கால் உளைந்தால் பேரப்பிள்ளையைக் காலில் ஏறி மிதிக்கச் சொல்வதும் எங்கள் அம்மம்மாமார் செய்ததுதான். பத்து வயதுப் பிள்ளை நித்திரையில் காலைத் தூக்கித் தாய்க்கு மேல் போட்டால் தாய் அந்தக் காலை எடுத்து விடுவதில்லை. அந்தப் பாரம் அவளுக்கும் வேண்டியிருக்கின்றது. பிள்ளைகள் வளர்ந்து, கலியாணம் கட்டிப் போய், அல்லது கடல் கடந்து போய், தனியே பாயில் படுக்கின்ற தாய்க்கு அந்தக் காலின் பாரம் இல்லாமற் போய்விடுகின்றது. இதை எந்த ஆய்விலும் நான் வாசித்ததில்லை. பெண்கள் சொல்லக் கேட்டிருக்கின்றேன்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? மிகவும் கவனிக்கப்பட்டது சுவீடனில் நடந்து 2020இல் வெளியானது. மனச்சோர்வு, பதகளிப்பு, இருதுருவ மனநோய், கவனக்குறைவு மிகைஇயக்கம் என்பவற்றுக்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த, நித்திரை இல்லாத 120 பேரை எடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு உள்ளே இரும்புச் சங்கிலி வைத்துத் தைத்த 8 கிலோ போர்வை. அது தாங்காதவர்களுக்கு 6 கிலோ. மற்றப் பகுதியினருக்கு அதே தோற்றத்தில் பிளாஸ்ரிக் சங்கிலி வைத்த ஒன்றரைக் கிலோ போர்வை. நான்கு கிழமைக்குப் பிறகு பார்த்தபோது, பாரப் போர்வை பெற்றவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு நித்திரையின்மையின் கடுமை பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. மற்றவர்களில் இருபதுக்கு ஒருவருக்குத்தான் அப்படிக் குறைந்தது. பகலில் களைப்பும் பதகளிப்பும் கூடக் குறைந்திருந்தன.

நல்ல முடிவுதான். ஆனால் எட்டுக் கிலோப் போர்வை தனக்குக் கிடைத்திருக்கின்றதா இல்லையா என்பது போர்த்தவருக்குத் தெரியும் அல்லவா? குளிசை ஆய்வில் வெறும் மாவுக் குளிசையைக் கொடுத்து ஏமாற்றலாம். பாரத்தை மறைக்க முடியாது. "இது எனக்கு உதவும்" என்ற நம்பிக்கையே பாதி வேலை செய்திருக்கலாம். 2014இல் இங்கிலாந்தில் ஓட்டிசம் உள்ள 67 பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், பாரப் போர்வையால் நித்திரை நேரம் கூடவில்லை. ஆனாலும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அந்தப் போர்வை பிடித்திருந்தது! 2022இல் சுவீடனின் உப்சாலாவில் 26 இளம் வயதினரிடம் பார்த்தபோது, படுக்கப் போகின்ற நேரத்தில் உடம்பு சுரக்கின்ற மெலற்றோனின் என்ற நித்திரைச் சுரப்பு ஏறக்குறைய 30 சதவீதம் கூடியிருந்தது. ஆனால் நித்திரையின் அளவு கூடவில்லை. ஆகவே என் அபிப்பிராயம் இதுதான்: இது ஏமாற்று அல்ல, அற்புதமும் அல்ல. சிலருக்கு நன்றாக உதவுகின்றது. கடன் வாங்கி வாங்குகின்ற அளவுக்கு உறுதியான சான்று இல்லை. இந்த ஆய்வுகளில் எதுவும் போருக்குள்ளால் வந்த பெண்களைப் பற்றியதும் அல்ல.

அந்தக் கடைசி விடயம் எனக்கு மிக முக்கியமானது.

எங்கள் குடாநாட்டில் பாரம் என்றால் எல்லோருக்கும் அணைப்பு அல்ல. பதுங்கு குழியை நினைத்துப் பாருங்கள். பனங்குற்றிகளை அடுக்கி, அதற்கு மேல் மண் மூட்டைகளை அடுக்கி, அதற்குள் குனிந்து இருந்தவர்கள் நாங்கள். செல் பக்கத்தில் விழுந்து மண் சரிந்து மூடிய பிறகு வெளியே இழுத்தெடுக்கப்பட்ட பெண்கள் எங்களிடையே வாழ்கின்றார்கள். 2009இல் வன்னியில் மற்றவர்களின் உடல்களுக்குக் கீழே கிடந்து உயிர் தப்பியவர்கள் இருக்கின்றார்கள். இன்னும் சில பெண்களுக்குத் தங்கள் மேல் விழுந்த பாரம் ஓர் ஆணின் பாரமாக இருந்தது. அதை அவர்கள் இன்றுவரை எவரிடமும் சொல்லாமலும் இருக்கலாம். இப்படிப்பட்டவருக்கு இரவில் ஏழு கிலோவை மேலே போட்டால், உடம்பு அதை அணைப்பு என்று எடுக்காது. மூச்சு முட்டும், வியர்க்கும், பழைய இடத்துக்கே மனம் போய்விடும். "எல்லோருக்கும் சுகமாக்கும் போர்வை எனக்கு மட்டும் ஏன் பயமாக இருக்கின்றது" என்று அவர் தன்னையே நொந்துகொள்ளவும் கூடும். நொந்துகொள்ள வேண்டாம். அந்த உடம்பு தான் கற்றதை மறக்கவில்லை, அவ்வளவுதான்.

இரவில் நெஞ்சில் யாரோ ஏறி இருப்பது போலவும், கண் திறந்திருந்தும் கை கால் அசைக்க முடியாதது போலவும் சிலருக்கு வரும். பெரியவர்கள் அமுக்குவான் பேய் என்பார்கள். அது பேய் அல்ல. மூளை விழித்துக்கொண்டு உடம்பு இன்னும் நித்திரையில் இருக்கின்ற சில கணங்கள் அவை. மனவடு உள்ளவர்களுக்கும் நித்திரை குழம்பியவர்களுக்கும் கூடுதலாக வரும். இது அடிக்கடி வருகின்றவர்களும் நெஞ்சின் மேல் பாரம் வைக்காமல் இருப்பது நல்லது.

இங்கேதான் அந்தப் பெட்டியின் பிடி ஞாபகத்துக்கு வர வேண்டும். ரெம்பிள் கிராண்டினுக்கு அணைப்பு உதவியதற்கு ஒரு காரணம், வேண்டாம் என்றால் அந்தக் கணமே தானே விலக்கலாம் என்பது. எங்கள் மேல் விழுந்த பாரங்களில் அப்படி விலக்கக் கூடியதாக எது இருந்தது? ஆகவே ஒரு பெண் பாரப் போர்வையைப் பரீட்சித்துப் பார்ப்பதென்றால், இரவில் அல்ல, பகலில் பார்க்க வேண்டும். கதவு திறந்திருக்க, வீட்டில் நம்பிக்கையான ஒருவர் இருக்க, கதிரையில் இருந்துகொண்டு முதலில் மடியில் மட்டும், பிறகு கால்களில் மட்டும் வைத்துப் பார்க்கட்டும். பத்து நிமிடம் போதும். சுகமாக இருந்தால் அடுத்த நாள் இன்னும் கொஞ்ச நேரம். பயம் வந்தால் மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டியதுதான். அன்பால் தந்த பொருள் என்பதற்காகப் போர்த்த வேண்டும் என்று கட்டாயமில்லை. மச்சாளுக்கு விளங்கும். விளங்காவிட்டாலும் பரவாயில்லை.

பாரத்தின் அளவுக்கு, உடம்பு நிறையில் பத்தில் ஒரு பங்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். 48 கிலோ நிறையுள்ள பெண்ணுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் வேண்டியதில்லை. கேள்வி கேட்ட சகோதரியின் போர்வை ஏழு கிலோ. அவர் தன் நிறையை எழுதவில்லை. எங்கள் பெண்களில் பலருக்கு அது கூடுதலாகவே இருக்கும். மடித்து முழங்காலுக்குக் கீழே மட்டும் போடலாம்.

யாருக்கு இது வேவே வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கைக்குழந்தைகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஒருபோதும் வேண்டாம். கனடாவின் கியூபெக்கில் 2008இல் ஒன்பது வயதுப் பிள்ளையொன்று பாடசாலையில் பாரப் போர்வைக்குள் சுற்றப்பட்டு மூச்சடங்கி இறந்திருக்கின்றது. தானாகத் தள்ளி எழும்ப முடியாத எவருக்கும், அது மிகவும் தளர்ந்த முதியவராக இருந்தாலும், போடக்கூடாது. முட்டு வருத்தம், இருதய வருத்தம், நித்திரையில் மூச்சு நின்று நின்று வருகின்ற குறட்டை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் பாவிக்கக் கூடாது. எங்கள் இடத்துக்கு உரிய இன்னொரு பட்டியலும் உண்டு. உடம்பில் செல் துண்டு இன்னும் இருக்கின்றவர்கள், அவயவம் இழந்து அந்த இடம் நோகின்றவர்கள், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுக் காலில் உணர்ச்சி இல்லாதவர்கள், நீரிழிவால் கால் விறைத்தவர்கள். உணர்ச்சி இல்லாத காலில் பாரம் கிடந்தால் வலி தெரியாது. விடியும்போது புண்தான் தெரியும்.

பிறகு வெக்கை. இந்தப் போர்வைகள் குளிர் நாட்டுக்குச் செய்தவை. சித்திரை வைகாசியில், மின்விசிறிக் காற்றும் சூடாக வருகின்ற இரவில், யாழ்ப்பாணத்தில் யார் ஏழு கிலோவைப் போர்த்துக்கொண்டு படுப்பார்கள்? வியர்த்துக் கிடந்தால் வருகின்ற நித்திரையும் போய்விடும். நித்திரை வருவதற்கு உடம்பின் சூடு சற்றே இறங்க வேண்டும். ஆகவே மார்கழி, தைப் பனிக்கு இது சரி. மற்ற மாதங்களுக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

வேறு வழி என்று நான் சொல்வது ஒரு சின்னப் பை. வெளிநாட்டில் யாரும் இல்லாதவர்களுக்கும் இது கைக்கெட்டியது. நெருக்கமாக நெய்த நூல் துணியில், ஒரு முழ நீளமும் ஒரு சாண் அகலமும் உள்ள பை தைத்து, குறுக்கே மூன்று நான்கு தையல் ஓடி அறைகளாகப் பிரித்து, புளியங்கொட்டையை நிரப்புங்கள். கழுவி நன்றாகக் காய்ந்த கொட்டையாக இருக்க வேண்டும். ஒன்றரை அல்லது இரண்டு கிலோ போதும். அறைகள் பிரிக்காவிட்டால் கொட்டை முழுவதும் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிடும். அரிசியோ பயறோ போடலாம். ஆனால் வண்டு பிடிக்கும், சாப்பாட்டுச் சாமானை ஏன் வீணாக்குவான் என்ற மனக்குறையும் வரும். மணலை நான் சொல்ல மாட்டேன். மண் மூட்டையின் மணமும் பாரமும் சிலருக்கு எதை ஞாபகப்படுத்தும் என்று மேலே எழுதிவிட்டேன்.

இந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கலாம், தோள்மூட்டில் போட்டுக்கொள்ளலாம், படுத்திருக்கும்போது தொடையிலோ பாதங்களுக்கு மேலோ வைக்கலாம். வயிற்றில் வைத்து மூச்சுப் பயிற்சி செய்வது எனக்கு மிகவும் பிடித்தது. மல்லாந்து படுத்து, பையைத் தொப்புளுக்கு மேல் வைத்து, மூச்சை இழுக்கும்போது பை உயர்வதையும், விடும்போது தாழ்வதையும் கவனியுங்கள். விடுகின்ற மூச்சு இழுக்கின்ற மூச்சை விட நீண்டதாக இருக்கட்டும். பதகளிப்பில் நாங்கள் நெஞ்சால் மட்டும் சின்னச் சின்னதாக மூச்செடுப்போம். பை மூச்சை வயிற்றுக்குக் கொண்டு வந்துவிடும். யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் அவர்கள், எங்கள் மண்ணில் ஏற்கனவே இருக்கின்ற மூச்சுப் பயிற்சி, சவாசனம் போன்ற தசைத் தளர்வு, செபம் செய்தல், தியானம் என்பவற்றையே சாந்த வழிமுறைகளாகச் சிகிச்சையில் பயன்படுத்தலாம் என்று போர்க்காலத்திலேயே எழுதியும் கற்பித்தும் வந்தவர். தேவாரம் சொல்பவர் தேவாரத்தைச் சொல்லட்டும், செபமாலை உருட்டுபவர் செபமாலையை உருட்டட்டும், திக்ர் ஓதுபவர் அதை ஓதட்டும். புளியங்கொட்டைப் பையும் அந்த வரிசையில் வந்து இருக்கின்ற ஒரு சின்னப் பொருள்தான்.

நித்திரையைப் பற்றி எழுதிவிட்டுச் சொல்லாமல் விடக்கூடாத ஒன்று உண்டு. நித்திரை வராமல் இருக்கின்ற எல்லோருக்கும் நித்திரை கொள்ள விருப்பம் என்று நாங்கள் நினைக்கக் கூடாது. காணாமற்போன மகனுக்காகக் காத்திருக்கின்ற ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "பிள்ளை, நான் அயர்ந்து கிடக்கேக்க அவன் வந்து படலையில கூப்பிட்டால்?" அந்தத் தாய்க்குப் போர்வையும் பையும் என்ன செய்யும்? விழித்திருப்பது அவர் மகனுக்குச் செய்கின்ற கடமை. நாங்கள் அப்போது நித்திரையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டோம். மகனைப் பற்றிப் பேசினோம். பல மாதங்களுக்குப் பிறகு அவரும் அவருடைய தங்கையும் முறை போட்டுக்கொண்டார்கள். ஓர் இரவு இவர் படுப்பார், தங்கை வாசலோடு பாய் போடுவார். அடுத்த இரவு மாறும். தன் முறை இல்லாத இரவில் அவர் நான்கு மணித்தியாலம் படுக்கின்றார். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு விசித்திரமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை.

குளிசை பற்றியும் ஒரு சொல். பக்கத்து வீட்டு அக்காவுக்கு வைத்தியர் கொடுத்த நித்திரைக் குளிசையை வாங்கிப் போடுகின்ற பழக்கம் எங்களிடையே இருக்கின்றது. வேண்டாம். சில குளிசைகள் பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் பதகளிப்பும் முன்பை விடக் கூடி வரும். மூன்று நான்கு கிழமைக்கு மேலாக நித்திரை குழம்பி, பகலில் சமைக்கவோ வேலைக்குப் போகவோ முடியாமல் இருந்தால், யாழ். போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழை வைத்தியசாலையிலோ உள்ள உளமருத்துவப் பகுதிக்குப் போங்கள். போவதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. "விசர் ஆஸ்பத்திரி" என்று ஊர் சொல்லும் என்று பயந்து தள்ளிப்போட்டவர்கள்தான் எங்களிடம் மிகவும் களைத்துப்போய் வருகின்றார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் பக்கத்தில் உள்ளவரை எழுப்புங்கள், அல்லது தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்குத் தொலைபேசி எடுங்கள்.

பை தைக்கப் போகின்றவர்களுக்கு ஒரு கடைசிக் குறிப்பு. உறையை வேறாகவும் உள்ளே வைக்கின்ற கொட்டைப் பையை வேறாகவும் தையுங்கள். உறையை மட்டும் கழற்றித் தோய்க்கலாம். கொட்டையில் தண்ணீர் படக்கூடாது, பட்டால் பூஞ்சணம் பிடித்து மணக்கும். மழை மாதங்களில் வெயில் எறிக்கின்ற நாள் பார்த்து முற்றத்தில் ஒரு மணித்தியாலம் காய வைத்து எடுங்கள். சூடு ஆறிய பிறகு உறைக்குள் போடுங்கள்.